பட்டும் ஜரிகையும்: நடுநிலைப் பரிசோதனையின் அவசியம்

(புள்ளலூரில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புள்ளலூர் என்னும் இவ்வூரின் பெயர் பல்லவ சளுக்கியப் போரினாலும், 1780ஆம் ஆண்டில் திப்புவின் சேனை ஆங்கிலத் தளபதி பெய்லியின் படையை முறியடித்த போரினாலும் சரித்திரத்தில் நிலைபெற்றிருக்கிறது. ஆயினும் இன்று இங்கே கூடியிருக்கும் நமக்குள்ள கவலை தறியைப் பற்றியதே. தறிக்கு வரும் பட்டும் ஜரிகையும் தரமானவையா என்று யார் சொல்வது, அச்சொல்லை உலகம் எதனால் நம்பும் என்பதே நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

ஒரு கலியாணச் சேலை விற்பனையாகிறது. சில வருஷங்கள் சென்றபின் அதன் கரை கறுக்கிறது. வாங்கினவர் கடைக்காரரைக் கேட்கிறார். கடைக்காரர் நெய்தவரைக் கை காட்டுகிறார். நெய்தவரோ பட்டைத் தாம் நூற்றவருமல்லர், ஜரிகையைத் தாம் இழைத்தவருமல்லர். கொடுத்த பாவை ஏற்றி, கொடுத்த ஜரிகையைக் கோத்து நெய்தவரே. தாம் குற்றமற்றவர் என்று காட்ட அவர் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. கூலி அவருக்குச் சிறிது. பழியோ முழுவதும் அவருக்கே. இந்நிலை நீங்கவேண்டும் என்பதற்காகவே நாம் இன்று பேச முற்பட்டோம்.

அசல் ஜரிகையின் அமைப்பை நம் பெண்டிரும் அறிவர். நடுவே சிவந்த சாயமேறிய பட்டிழை. அதன்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி சுற்றப்பட்டிருக்கும். அதன்மேல் பொன் முலாம். காஞ்சிபுரத்தில் அரசினர் நடத்தும் தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வழங்கிவந்த ஜரிகைக்கு நூற்றுக்கு வெள்ளி 40, செம்பு 35.5, பட்டு 24, பொன் 0.5 என்று ஓர் அளவு வகுக்கப்பட்டிருந்தது. ஒரு மார்க் ஜரிகை 242 கிராம். அவ்வளவின்படி அதில் வெள்ளி 96.8 கிராமும், பொன் 1.21 கிராமும் இருத்தல் வேண்டும். வெள்ளி நூற்றுக்கு 40 என்பது 30 ஆகக் குறைந்தால் மார்க் ஒன்றுக்கு 24.2 கிராம் வெள்ளி மறைந்துபோகும். மேலே முலாம் இருப்பதால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே மின்னும். பத்து மார்க் வாங்கினால் நஷ்டம் எவ்வளவென்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

"எங்கள் பாட்டனார் கையால் தடவியே சொல்லிவிடுவார்" என்பர் சிலர். அப்பெரியோர் அனுபவத்தை நாம் குறைத்துக் கூறவில்லை. இழையைக் கொளுத்தினால் பட்டு மயிர் கருகும் நாற்றத்தோடு எரிந்து, விரலால் நசுக்கப் பொடியாகும் சாம்பலைத் தரும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவந்த பட்டு தெரிகிறதா என்றும் பார்க்கலாம். இவை வீட்டில் செய்யத்தக்க நல்ல சோதனைகளே. ஆனால் இவை பட்டா பட்டல்லவா என்று சொல்லுமேயன்றி, வெள்ளி 40 பங்கா 30 பங்கா என்று சொல்லமாட்டா. மோசம் நடப்பது பெரும்பாலும் இவ்விடைவெளியிலேதான்.

அதனை அறியவல்லது பரிசோதனைச் சாலை. ஜரிகையை வெடியுப்புத் திராவகமாகிய நைட்ரிக் அமிலத்தில் இட்டால் வெள்ளியும் செம்பும் கரையும். பொன் கரையாது நிற்கும். கரைந்த நீரில் உப்புநீரை விட்டால் வெள்ளி மட்டும் தயிர்போலத் திரண்டு அடியிற் படியும். அதனை வடித்து, உலர்த்தி, நிறுத்து அளவு காண்பர். இக்காலத்தில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, ஒவ்வோர் உலோகமும் திருப்பி வீசும் கதிரைக் கொண்டு பொருளை அழிக்காமலே அளவிடும் கருவியும் உண்டு. அது மேற்பரப்பையே முக்கியமாகக் காண்பது. ஆதலின் முலாம் பூசிய பொருளில் அதன் முடிவைக் கவனத்தோடு கொள்ளவேண்டும்.

நிற்க. கருவி இருந்தால் மட்டும் போதாது. அக்கருவி யார் கையில் இருக்கிறது என்பதே பெரிய கேள்வி. விற்பவர் தாமே சோதித்து "நன்று" என்றால் வாங்குபவர் நம்பார். வாங்குபவர் தாமே சோதித்து "குறை" என்றால் விற்பவர் ஒப்பார். ஆகவே விலை ஏறினாலும் இறங்கினாலும் தமக்கு லாப நஷ்டமில்லாத மூன்றாமவர் ஒருவர் வேண்டும்.

இது நாம் புதிதாகக் கண்டதன்று. பட்டுத் தொழிலே இதற்கு முன்மாதிரி காட்டியிருக்கிறது. பட்டு ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. நனைந்ததென்று கைக்குத் தோன்றாமலே எடை வெகுவாகக் கூடிவிடும். இதனால் பிரான்சு தேசத்து லியோன் நகரில் வியாபாரிகளுக்குள் ஓயாத சச்சரவு இருந்தது. 1805ஆம் ஆண்டில் நெப்போலியன் ஆணையால் அங்கே பட்டின் ஈரத்தை ஆராயும் பொது நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. நன்கு உலர்ந்த பட்டு 100 பங்குக்கு ஈரம் 11 பங்கு என்று பிற்காலத்தில் வழக்கில் நிலைபெற்ற கணக்கே இன்றும் உலக வாணிகத்தில் வழங்குகிறது.

லியோன் வரையிலும் போவானேன்? நம் காஞ்சி மாவட்டத்து உத்திரமேரூர்க் கோயிற் சுவரைப் பாருங்கள். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளை ஒட்டிய கல்வெட்டுக்களில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்பவற்றோடு பொன் வாரியம் என்றொரு வாரியமும் கூறப்படுகிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்துக்குத் தகுதியற்றவர் என்றும், முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் பெயரைக் குடவோலையில் இடலாகாது என்றும் விதித்திருக்கிறார்கள். பொறுப்பேற்பவர் திறமையுடையவராய் இருந்தால் மட்டும் போதாது, பற்றற்ற நிலையிலும் இருக்கவேண்டும் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் நாட்டார் உணர்ந்திருந்தனர்.

இக்காலத்து ஏற்பாடுகளையும் சிறிது கூறுவோம். மத்தியப் பட்டு வாரியம் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. அதன் ஆதரவில் 2004ஆம் ஆண்டில் பட்டு முத்திரை என்னும் சில்க் மார்க் ஏற்பட்டது. அது பட்டு தூய பட்டே என்பதற்குச் சான்று. ஜரிகையின் வெள்ளிக்கும் பொன்னுக்கும் அது சான்றன்று. இவ்வேறுபாட்டை நம்மவர் பலர் அறியார். காஞ்சிப் பட்டுக்கு 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பொன் நகைகளுக்கு 2021ஆம் ஆண்டு ஜூன் 16ந் தேதி முதல் ஹால்மார்க் முத்திரை படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. அதை நகைக்கடைக்காரர் தாமே இட்டுக்கொள்ள முடியாது. அங்கீகாரம் பெற்ற வேறு நிலையம் சோதித்து இடவேண்டும். பரிசோதனைச் சாலைகளையே பரிசோதித்து அங்கீகரிப்பதற்கு என்.ஏ.பி.எல். என்னும் தேசிய வாரியம் 1988ஆம் ஆண்டு முதல் இருந்துவருகிறது. ஒரு சாலை எந்தப் பரிசோதனைக்கு அங்கீகாரம் பெற்றிருக்கிறது என்று முதலில் விசாரித்துக்கொள்வது நலம். ஒன்றுக்குப் பெற்ற அங்கீகாரம் எல்லாவற்றுக்கும் ஆகாது.

"நம் சங்கமே ஒரு கருவி வாங்கிச் சோதித்தால் என்ன?" என்று அன்பர்கள் கேட்கக்கூடும். நம் உபயோகத்துக்கு அது நல்லதே. ஆனால் வழக்கு நேர்ந்தால் நெசவாளர் சங்கத்தின் சொல்லை வியாபாரி ஏற்பாரா? வியாபாரிகளின் சங்கம் சோதித்ததை நாம்தான் ஏற்போமா? நம்மவர் என்னும் அபிமானம் நன்மைக்குரியதே. தராசின் முன் அதற்கு இடமில்லை.

"செலவு யார் தருவது?" என்பது மற்றொரு கேள்வி. ஒருவர் ஒரு மார்க்குக்குச் சோதனை செய்தால் செலவு மிகும். ஐம்பது தறியுள்ளவர்கள் ஒரே சரக்கில் சேர்ந்து வாங்கி, ஒரே சோதனை செய்தால் தலைக்கு விழுவது சொற்பமே. "இது வியாபாரியை அவமதிப்பதாகாதா?" என்றும் கேட்பர். ஆகாது. யோக்கியமான வியாபாரிக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேறில்லை.

ஆகவே சங்கத்தார் முன் நான்கு யோசனைகளை வைக்கிறோம். முதலாவது, ஜரிகை வாங்கும்போது வெள்ளி, பொன் அளவை ரசீதில் எழுதி வாங்குக. இரண்டாவது, சாலையின் முடிவு அதற்கு அனுப்பிய மாதிரியைப் பற்றியதேயாதலால், மாதிரியை இரு தரத்தார் முன்னிலையில் எடுத்து, மூன்று பங்காக்கி முத்திரையிடுக. ஒன்று சாலைக்கு, ஒன்று விற்றவருக்கு, ஒன்று நமக்கு. மூன்றாவது, அறிக்கையின் நகலைச் சேலையோடு கடைக்குக் கொடுத்தனுப்புக. நான்காவது, நல்ல முடிவாயினும் குறையான முடிவாயினும் சங்கப் புத்தகத்தில் ஒளியாமல் பதிவு செய்க.

பெரியோர்களே! நம் முன்னோர் நமக்கு வைத்துப்போன சொத்து கைத்திறனும் நாணயமும் ஆகும். கைத்திறனைத் தறி காட்டும். நாணயத்தைக் காட்டுவதற்கு இக்காலத்தில் சாட்சி வேண்டியிருக்கிறது. அச்சாட்சியை நாமே கேட்டுப் பெறுவோமாக. அடுத்த கலியாணப் பருவத்துக்கு முன் ஒரு சரக்கையாவது இம்முறைப்படி சோதித்துப் பார்க்கவேண்டுமென்று சபையோரைக் கேட்டுக்கொள்கிறோம்.