ஸ்டர்லிங் பக்கம்: சிங்கமும் கோட்டையும்



ஸ்காட்லாந்துக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் எடின்பரோவைப் பார்த்த கையோடு, மலையும் ஏரியும் பார்க்க வடக்கே காரை விரட்டிவிடுகிறார்கள். நடுவழியில் ஸ்டர்லிங் என்று ஓர் ஊர் இருக்கிறது. எடின்பரோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். கிளாஸ்கோவிலிருந்து இன்னும் பக்கம். இந்த ஊரிலும் இதை ஒட்டிப் பத்து மைலுக்குள்ளும் இரண்டு கோட்டைகள் இருக்கின்றன, ஒரு சஃபாரி பூங்காவும் இருக்கிறது. பிள்ளைகள் சிங்கம் கேட்கிறார்கள், தாத்தா கோட்டை கேட்கிறார் என்றால், சண்டை வராமல் பங்கு போட்டுக்கொடுக்க இதைவிடத் தோதான இடம் பிரிட்டனில் எனக்குத் தெரிந்து இல்லை.

பக்கத்துப் பக்கத்தில்தானே, மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். ஸ்டர்லிங் கோட்டை அரை நாளில் அடங்காது. பூங்காவையும் டூன் என்கிற சின்னக் கோட்டையையும் ஒரு நாளில் பாருங்கள். ஸ்டர்லிங் கோட்டைக்கென்று இன்னொரு நாளை ஒதுக்கிவிடுங்கள்.

முதலில் பூங்கா. ஸ்டர்லிங்கிலிருந்து வடமேற்கே டூன் போகும் சாலையில் கொஞ்ச தூரம் போனால் பிளேர் டிரம்மண்ட் வந்துவிடும். 1970-இல் திறந்த பூங்கா இது. குளிரும் மழையும் மாறி மாறி வரும் சீமையில் சிங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் வரி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனின் பெரிய பிரபுக் குடும்பங்களை வாரிசு வரி கசக்கிப் பிழிந்தது. நூறு அறை மாளிகைக்குக் கூரை மாற்றக்கூடக் கையில் காசில்லை. இங்கிலாந்தின் தெற்கே லாங்லீட் மாளிகையின் பிரபு, 1949-இலேயே வீட்டைத் திறந்து டிக்கெட் போட்டுக் காட்ட ஆரம்பித்தார். பிறகு ஜிம்மி சிப்பர்ஃபீல்டு என்ற சர்க்கஸ்காரர் அவரிடம் ஒரு யோசனை சொன்னார்: சிங்கங்களைத் தோட்டத்தில் விட்டுவிடுவோம், ஜனங்கள் காருக்குள்ளேயே உட்கார்ந்து பார்க்கட்டும். ஊரே எதிர்த்தது. இருந்தும் 1966-இல் திறந்தார்கள், கூட்டம் அலைமோதியது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே, காரில் போய்ச் சிங்கம் பார்க்கிற முதல் பூங்கா அதுதான். அதைப் பார்த்து நாலே ஆண்டில் பிளேர் டிரம்மண்டிலும் திறந்தார்கள். இதிலும் அதே சிப்பர்ஃபீல்டுக்குப் பங்கு உண்டு.

காலையில் கதவு திறந்தவுடனே போய்விடுங்கள். சிங்கம் ஒரு நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும் பிராணி. மத்தியானம் போனால், புல்லில் கிடக்கும் பழுப்பு மூட்டை ஒன்றைக் காட்டி, 'அதுதாண்டா சிங்கம்' என்று பிள்ளைகளிடம் சத்தியம் செய்ய வேண்டியிருக்கும். இன்னொன்று, சிங்கப் பகுதிக்குள் கார்க் கண்ணாடியை இறக்கவே கூடாது. மழை நாளில் நாலைந்து பேர் உள்ளே அடைந்து உட்கார்ந்து, பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி மூச்சு விட்டால், இரண்டே நிமிடத்தில் கண்ணாடி பனிமூடி வெளியே ஒன்றும் தெரியாது. ஆகவே நுழைவதற்கு முன்னாலேயே ஏசியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி வையுங்கள், கையில் ஒரு பருத்தித் துண்டும் இருக்கட்டும். துணிக் கூரை போட்ட கார் உங்களுடையது என்றால் அதை உள்ளே விட மாட்டார்கள். காரே இல்லாமல் வருகிறவர்கள், பூங்காவின் பஸ் அன்றைக்கு ஓடுகிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. குளிர்காலத்தில் பூங்காவையே மூடிவிடுவார்கள். பெரும்பாலும் மார்ச்சிலிருந்து அக்டோபர் வரைதான் காலம்.

காரை நிறுத்திவிட்டு நடந்து பார்க்கவும் நிறைய உண்டு. அதில் தவறவிடக் கூடாதது படகுச் சவாரி. ஏரி நடுவே ஒரு தீவு, அதில் சிம்பன்சிகள். படகு தீவைச் சுற்றிவரும்போது கரையில் கைகட்டி உட்கார்ந்து அவை நம்மைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, டிக்கெட் வாங்கியது யார் என்ற சந்தேகமே வந்துவிடும்.

மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, அதே சாலையில் இன்னும் சில மைல் போனால் டூன் கோட்டை. பதினான்காம் நூற்றாண்டின் கடைசியில், அரசனுக்குப் பதிலாக ஸ்காட்லாந்தை ஆண்ட ஆல்பனி பிரபு ராபர்ட் ஸ்டூவர்ட் கட்டியது. வாசல் கோபுரம் கிட்டத்தட்ட நூறு அடி உயரம். வரலாறு தெரியாதவர்களும் இங்கே வந்து குவிவதற்குக் காரணம் ஒரு சினிமா. 1975-இல் வெளிவந்த 'மான்ட்டி பைத்தான் அண்ட் தி ஹோலி கிரெய்ல்' என்ற நகைச்சுவைப் படத்தை இங்கேதான் எடுத்தார்கள். மற்றக் கோட்டைகளுக்குக் கடைசி நேரத்தில் அனுமதி கிடைக்காமல் போக, படத்தில் வரும் பல கோட்டைகளாக இந்த ஒரு கோட்டையே நடித்தது. குதிரை வாங்கவும் காசில்லை. அதனால் ராஜா குதிரை ஓட்டுவதுபோலத் தானே குதித்துக் குதித்து ஓடுவார். பின்னால் ஒருவன் இரண்டு கொட்டாங்குச்சிகளைத் தட்டிக் குளம்புச் சத்தம் கொடுப்பான். தென்னையே முளைக்காத இந்தக் குளிர் தேசத்தில், தேங்காய் மூடியும் கையுமாக ரசிகர்கள் கோட்டை வாசலில் குதிப்பதை நம் ஊர்ப் பாட்டிகள் பார்க்க வேண்டும். உள்ளே கொடுக்கிற ஒலி வழிகாட்டியில் பேசுவது அந்தப் படத்தின் இயக்குநர்களில் ஒருவரான டெர்ரி ஜோன்ஸ். சுழல் படிகள் குறுகலானவை. குழந்தை வண்டியைக் காரிலேயே விட்டுவிடுங்கள்.

இனி ஸ்டர்லிங் கோட்டை. எரிமலைக் குழம்பு இறுகி உண்டான செங்குத்துப் பாறை, அதன் மேல் கோட்டை. ரயில் நிலையத்திலிருந்து நடந்தால் முழுக்க ஏற்றம்தான். மேலே ஏறியதும் பொன்மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய மண்டபம் கண்ணைப் பறிக்கும். ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸ் 1503 வாக்கில் கட்டி முடித்தது. பட்டாளத்துக்காரர்கள் நெடுங்காலம் குடியிருந்து சிதைத்துப்போட்டதைப் புதுப்பித்து, பழைய முறைப்படி காவி கலந்த சுண்ணாம்பு பூசி 1999-இல் திறந்தார்கள். ஊர்க்காரர்கள் முகம் சுளித்தார்களாம். எனக்குப் பிடித்திருக்கிறது. சாம்பல் வானத்தின் கீழே அந்த மஞ்சள்தான் அழகு.

இந்த மண்டபத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு கதை சொல்லுங்கள். 1594-இல் ஆறாம் ஜேம்ஸின் மகன் ஹென்றிக்கு ஞானஸ்நானம், இங்கே பெரிய விருந்து. மீன் பதார்த்தங்கள் ஒரு மரக்கப்பலில் வந்து இறங்கின. பாய்மரமும் பீரங்கியும் உள்ள கப்பல், பீரங்கிகள் வெடிக்கவும் செய்தன. இனிப்புகள் ஒரு தேரில் வரவேண்டும், அந்தத் தேரை நிஜச் சிங்கம் ஒன்று இழுத்து வரவேண்டும் என்று திட்டம். தீப்பந்தமும் கூட்டமும் பார்த்துச் சிங்கம் மிரண்டால் விருந்தாளிகள் கதி என்ன? கடைசியில் சிங்கத்தை விட்டுவிட்டார்கள், ஆப்பிரிக்கர் ஒருவர் தேரை இழுத்தார். அவருடைய பேரை யாரும் எழுதிவைக்கவில்லை. கோட்டைக்குள்ளேயே பக்கத்தில் இருக்கும் அரண்மனையின் நடுமுற்றத்துக்குச் 'சிங்கக் குகை' என்றே பெயர். ஐந்தாம் ஜேம்ஸ் அங்கே சிங்கம் வளர்த்ததாகச் சொல்கிறார்கள். நேற்றுப் பூங்காவில் பார்த்தது பிரபுக்களுக்குப் புது யோசனை ஒன்றும் இல்லை. முன்பு சிங்கம் முற்றத்தில் அடைபட்டிருந்தது, இப்போது நாம் காரில் அடைபட்டிருக்கிறோம்.

சின்னப் பிள்ளைகளுக்கு இன்னொரு கதை. 1507-இல் ஜான் டேமியன் என்ற ரசவாதி, இறக்கை கட்டிக்கொண்டு பிரான்சுக்கே பறக்கிறேன் என்று இந்த மதிலிலிருந்து குதித்தாராம். தொடை எலும்பு முறிந்ததுதான் மிச்சம். இறக்கையில் கோழி இறகைச் சேர்த்துவிட்டார்கள், கோழிக்குக் குப்பைமேட்டில்தானே ஆசை என்று சமாதானம் சொன்னாராம்.

அரண்மனையில் அரசியின் அறைக் கூரைக்குள்ளிருந்து 1981-இல் ஒரு பழைய பந்து கிடைத்தது. பன்றியின் மூத்திரப்பையை ஊதி, மேலே தோல் தைத்தது. இன்று நம்மிடம் இருக்கும் கால்பந்துகளிலேயே மிகப் பழையது என்கிறார்கள். 1540-களைச் சேர்ந்தது. இப்போது அது கோட்டையில் இல்லை. ஊருக்குள் கீழே ஸ்மித் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கட்டணம் கிடையாது. வீட்டில் கால்பந்துப் பைத்தியம் பிடித்த பையன் இருந்தால், கோட்டையை முடித்துவிட்டு இறங்கும்போது அங்கே கூட்டிப்போங்கள். முதலில் கூட்டிப்போனால் பிறகு மலையேற மாட்டான்.