தறிக்குழியில் ஊறும் தண்ணீர்



ஆரணியிலும், பக்கத்தில் தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு போன்ற ஊர்களிலும் பட்டு நெய்கிற வீடுகளுக்குள் போனால் குழித்தறியைப் பார்க்கலாம். நெய்பவர் தரையோடு தரையாக உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிப்பார். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் சில தெருக்களில் அந்தக் குழிக்குள் தண்ணீர் வந்துவிடும். கூரை ஒழுகி வருவதில்லை, அடியிலிருந்து ஊறி வருகிறது. பாவு ஈரம் ஏறித் தொய்ந்துபோகும். தறி நின்றால் அன்றைக்குக் கூலியும் இல்லை. அதே மழையில் மேட்டுத்தெரு வீடுகளில் குழி காய்ந்தே இருக்கும்.

காரணம் மண்தான். கமண்டல நாகநதியை ஒட்டி மணலும் வண்டலும், ஏரிப் பாசனம் இருந்த தாழ்வான நிலங்களில் களிமண், மேட்டில் செம்மண்ணும் அதற்கடியில் சிதைந்த பாறையும். ஒரே ஊருக்குள் மூன்று விதமான நிலம். வீடு, கழிப்பறை, தோட்டம் மூன்றுக்கும் முதல் கேள்வி, தண்ணீர் இந்த மண்ணில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான். தறிக்குழி உள்ள வீட்டுக்காரருக்கு அதற்கான பதில் ஏற்கெனவே தெரியும். அவரைக் கேட்காமலே மேஸ்திரியைக் கூப்பிடுகிறோம்.

வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். களிமண் ஈரத்தில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் ஆழமில்லாத கடைக்கால் போட்டால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். பூசிப் பூசி மறைத்தாலும் அடுத்த கோடையில் திரும்ப வரும். இந்த மண்ணுக்கென்றே, அடியில் குமிழ்போல் விரிந்த காங்கிரீட் தூண்களை இறக்கும் முறையை ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. எல்லோருக்கும் அது தேவைப்படாது. ஆனால் பழைய வயலில் கிராவல் கொட்டி மேடாக்கிய மனை என்றால், கொட்டிய மண்ணைத் தாண்டி இயற்கை மண்ணைத் தொடும்வரை கடைக்கால் இறங்கியே ஆகவேண்டும். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

எனக்கு அதிகம் கவலை தருவது கழிப்பறைத் தொட்டி. நம் ஊர்களில் பலர் செப்டிக் டேங்க் என்று சொல்வது உண்மையில் உறை இறக்கிய குழி. அடியில் தளம் கிடையாது. கழிவுநீர் மண்ணுக்குள் இறங்கிப் போகட்டும் என்ற நம்பிக்கையில் கட்டுவது. மண் வழிவிட்டால்தானே அது இறங்கும்? களிமண்ணில் தண்ணீர் நகராது, மழைக்காலத்தில் குழி நிரம்பி எதிர்த்து வரும். ஆற்றோர மணலில் நேர் எதிர்: சீக்கிரம் இறங்கிவிடும், கிருமியும் வடிகட்டப்படாமல் கூடவே போகும். பத்தடி தள்ளிக் கிணறோ கைப்பம்போ இருந்தால் அது அங்கே போய்ச் சேரும். சிதைந்த பாறையின் வெடிப்புகளில் இன்னும் தூரம் ஓடும். தறிக்குழியில் தண்ணீர் ஊறுகிற வீட்டில் உறைக்குழியின் அடிப்பாகம் மழைக்காலம் முழுக்க நிலத்தடி நீரில் மூழ்கியே இருக்கிறது. அப்படியானால் அந்தத் தறிக்குழியில் ஊறுவது வெறும் மழைநீர்தானா என்று யோசியுங்கள். அதில்தான் நெய்பவர் காலை வைக்கிறார்.

அத்தகைய இடத்தில் தளமும் சுவரும் பூசிய, இரண்டு அறைகள் கொண்ட தொட்டிதான் சரி. அதிலிருந்து வெளியேறும் நீர் உறிஞ்சுகுழிக்குப் போகவேண்டும். குழியின் அடிப்பாகம் நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே இருக்கவேண்டும். மேடாக்கிக் கட்டினால் செலவு கூடும்தான். தொட்டி நிரம்பினால் லாரி வைத்து எடுங்கள். யாரையும் உள்ளே இறக்காதீர்கள். உரிய பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் கழிவகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.

சாயப் பட்டறை உள்ள வீடுகளுக்கு இன்னொரு செய்தி. பட்டு நூலின் பசை போக சோப்பும் சோடாவும் போட்டு வேகவைக்கிறோம். அந்தத் தண்ணீரைக் கொல்லையில் கொட்டினால் அதிலுள்ள சோடியம் களிமண்ணின் துளைகளை அடைத்துவிடும். பிறகு மழைநீரும் இறங்காது, வேரும் மூச்சுவிடாது. உறிஞ்சுகுழியும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

தோட்டத்துக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். முருங்கைக்கும் மல்லிகைக்கும் வேரில் தண்ணீர் தேங்கக்கூடாது. களிமண்ணில் வைப்பதானால் மண்ணைக் குவித்து மேட்டுப்பாத்தியில் நடுங்கள். வீடு கட்டி மிச்சமான சிமெண்டும் சுண்ணாம்பும் புதைந்த மூலையில் செடி வைத்தால், நரம்பு மட்டும் பச்சையாக நின்று இலை மஞ்சளாகும். மண்ணில் இரும்பு இருந்தாலும் செடியால் எடுக்க முடியாத நிலை அது. அந்த மண்ணை ஒன்றரை அடி வெட்டி எடுத்துவிட்டு, செம்மண்ணும் மக்கிய எருவும் போடுங்கள். சந்தேகம் இருந்தால் வேளாண்மை அலுவலகத்தில் கேட்டு மண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

மனை வாங்கவோ வீடு கட்டவோ நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சித்திரையில் போய்ப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். கார்த்திகை மழை விட்ட மறுநாள் போங்கள். ஆறடிக் குழி ஒன்று வெட்டச் சொல்லி, மறுநாள் காலையில் அதில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகு விலை பேசுங்கள்.