மடியில் ஒரு றிவோல்வர்

(திருகோணமலைத் துறைமுகப் பகுதியில், தொழில்புரிவோரும் கமக்காரரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கொட்டியார்க்குடாவின் காற்று வீசும் இம்மண்டபத்தில் வழக்கறிஞரும் மருத்துவரும் ஒருபுறம். தம்பலகாமத்திலிருந்தும் மூதூரிலிருந்தும் வெருகலிலிருந்தும் வந்த கமக்காரப் பெருமக்கள் மறுபுறம். இரு சாராரும் எம்மிடம் விடுத்த கேள்வி ஒன்றே: "துவக்கு வேண்டும், எது நல்லது?" சொல் ஒன்றாயினும் பொருள் இரண்டு. கமக்காரர் கேட்பது காட்டுப்பன்றியை விரட்டும் நெடுங்குழல் துவக்கு. பட்டணத்தார் கேட்பது சட்டைக்குள் மறையும் சிறிய றிவோல்வர். இரண்டாவதைப் பற்றியே இன்று பெரிதும் பேசப்போகிறோம்.

முதலில் சட்டம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம், திருத்தங்களோடு, இன்றும் இந்நாட்டை ஆள்கிறது. பயிர் காக்கும் துவக்குக்கு மாவட்டச் செயலகத்தை நாடலாம். தற்பாதுகாப்புக்குரிய கைத்துவக்குக்கோ கொழும்பிலுள்ள பாதுகாப்பு அமைச்சின் வாயிலிலே நிற்றல் வேண்டும். கொடுத்த கை திரும்பப் பெறவும் வல்லது: தற்பாதுகாப்புக்கென வழங்கிய துவக்குகளைத் தற்காலிகமாக ஒப்படைக்குமாறு 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவ்வமைச்சு அறிவித்ததை நீங்கள் அறிவீர்கள். ஆகவே, கடையிலே சேலை தெரிவதுபோல் தெரிந்தெடுக்கும் பண்டம் இதுவன்று.

சரி, அனுமதி கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். எதைக் கொள்வது?

மறைத்து ஏந்துவதற்கென்றே குழலைக் குறுக்கிச் செய்யும் வழக்கம் பழையது. அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் 1927இல் ஆறு தோட்டாக்களும் இரண்டு அங்குலக் குழலும் கொண்ட ஒன்றை வெளியிட்டது. ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனம் 1950இல் ஐந்து தோட்டாக்களோடு இன்னும் சிறியதொன்றைத் தந்தது. அயலிலே, கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 2014இல் பெண்களுக்கென 'நிர்பீக்' என்னும் 32 வகை றிவோல்வரை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன் நிறை ஏறக்குறைய 500 கிராம். விலையோ ஓர் இலட்சம் இந்திய ரூபாவுக்கும் மேல். அச்சத்தில் வாழும் ஏழைப் பெண் எவள் அதை வாங்குவாள் என்று அன்றே பலர் கேட்டனர். நியாயமான கேள்வி.

சிறியது நல்லது என்று எண்ணுவோர் ஒன்றை அறிதல் வேண்டும். நிறை குறையக் குறையக் கையில் உதைப்பு மிகும். குழல் குறுகக் குறுகக் குறி தவறும். சுத்தியலைப் பின்னிழுக்காது விசையை மட்டும் இழுத்துச் சுடுவதற்குப் பத்துப் பன்னிரண்டு இறாத்தல் பலம் வேண்டும். அப்பலத்தோடு இழுக்கையில் பழகாத கை ஆடும். சிறிய றிவோல்வர் மடிக்கு எளிது; கைக்கு அரிது. பயிற்சி பெறாதவர் கையில் அது நாலு முழத்துக்கு அப்பால் யாரைத் தாக்கும் என்று சொல்ல இயலாது.

தோட்டாவின் கதை இன்னும் சிக்கலானது. '38' என்பர், குண்டின் குறுக்களவோ 0.357 அங்குலம். பழைய பிரித்தானிய வெப்ளிக்குரிய 38 வேறு. அமெரிக்க '38 ஸ்பெஷல்' வேறு. பெயர் ஒன்று, உடல் வேறு. குழலிலே பொறித்திருப்பதைப் பார்த்து அதற்குரியதையே இடவேண்டும். முனை குழிந்த குண்டு உடலுக்குள் விரிந்து நின்றுவிடும், அப்பால் நிற்பவரைத் தாக்காது என்பது அதன் ஆதரவாளர் வாதம். கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் தொழிற்சாலையின் பெயர் பெற்ற விரியும் குண்டுகளைப் போரிலே பயன்படுத்தலாகாதென்று 1899இல் ஹேக் மாநாடு விலக்கியதும் வரலாறு. அந்த விரிவும் குறுங்குழலில் ஐயத்துக்குரியதே. வேகம் போதாவிடின் முனை விரியாது. விரியாத குண்டு தகரத்தையும் பலகைச் சுவரையும் ஊடுருவும். அடுத்த அறையில் துயில்வது யார்? நம் பிள்ளைகள் அல்லவா?

துறைமுகத்தாருக்குத் தனியாக ஒரு சொல். இங்குள்ள உப்புக்காற்று இரும்பை விடுவதில்லை. தோலுறைக்குள் வைத்த துவக்கு ஈரம் உறிஞ்சித் துருவேறும். தோலில் செருகிய தோட்டாவின் பித்தளையில் பச்சைக் களிம்பு படரும். பல ஆண்டு கிடந்த தோட்டாவை நம்பி உயிரை ஒப்படைப்பவர், அது வெடிக்காத வேளையில் என்ன செய்வார்?

இனி, மறைத்த றிவோல்வர் இத்தீவின் வரலாற்றிலே என்ன செய்தது என்று பார்ப்போம். 1959 செப்டெம்பர் 25ஆம் நாள், கொழும்பு றொஸ்மீட் பிளேஸ் இல்லத்திலே, பிரதமர் பண்டாரநாயக்கா தம்மைக் காணவந்த துறவி ஒருவரை வரவேற்றார். காவியுடைக்குள் றிவோல்வர் இருந்தது. மறுநாள் பிரதமர் மாண்டார். வாயிலிலே ஆயுதம் ஏந்திய காவலர் இருந்தார், அவரும் சுட்டார், ஆனால் அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தாக்க வருபவன் முடிவெடுத்து வருகிறான்; தாக்கப்படுபவரோ வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த இடைவெளியை எந்தத் தோட்டாவும் நிரப்பாது.

வீட்டிலே துவக்கு உண்டென்ற செய்தியும் பரவும். 1971இலும் 1987க்குப் பின்னரும் தெற்கிலே கிளர்ச்சியாளர் உரிமம் பெற்ற துவக்குகளைத் தேடி வீடு வீடாகச் சென்றனர். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்று நம் முன்னோர் சொன்னது பணத்துக்கு மட்டுமா?

கமக்காரப் பெருமக்களுக்கு இன்னொன்று புரியும். 1990களின் நடுப்பகுதியில் தற்கொலை வீதத்தில் இலங்கை உலகின் முன்வரிசையில் நின்றது. கொடிய கிருமிநாசினிகள் தடைசெய்யப்பட்ட பின் பத்தாண்டுக்குள் அவ்வீதம் ஏறத்தாழப் பாதியாயிற்று. துயரம் பாதியாகவில்லை, கைக்கெட்டும் தூரத்திலிருந்த நஞ்சே குறைந்தது. தலையணைக்கடியில் றிவோல்வர் வைக்க விரும்பும் பட்டணத்தார் இக்கணக்கை வயல்வெளியிலிருந்து கற்கலாம்.

பயிர் காக்கும் துவக்கை நாம் மறுக்கவில்லை. ஓர் இரவில் ஒரு போகத்தை இழப்பவரின் வேதனை வேறு. ஆனால் வரம்பிலே கயிறு கட்டி வைக்கும் கட்டுத்துவக்குக்குக் கண் இல்லை. பன்றியும் அதற்கு ஒன்றே, விறகெடுக்க வந்த அயலாரும் ஒன்றே. அதை நாம் ஒருபோதும் ஆதரிக்கமாட்டோம்.

எனவே அரசிடம் நாம் கேட்பது இது: விண்ணப்பம் மறுக்கப்படின் காரணம் எழுத்திலே வரவேண்டும். அக்கடிதம் தமிழிலே வரவேண்டும். தமிழ் ஆட்சிமொழியென 1987இல் அரசியலமைப்பில் எழுதியவர்கள் அவர்களே. உயிருக்கு அச்சுறுத்தல் என முறையிடுபவரின் முறைப்பாட்டைப் பொலிஸ் நிலையம் பதிவுசெய்து எண் தரவேண்டும். அந்த எண்ணை வாங்காமல் திரும்பாதீர்கள். எதிர்காலத்தில் எந்த மேன்முறையீட்டுக்கும் அதுவே முதற் சான்று. மறுக்கப்பட்ட விண்ணப்பங்களின் படிகளைக் கொண்டுவந்தோர், கூட்டம் முடிந்ததும் இம்மேடைக்கு அருகே வாருங்கள்; ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.