கையில் ஒரு வேலை, மேசையில் மூன்று கடிதங்கள்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் வகுப்பின் சார்பில் ஏதாவது பயனுள்ளதாகப் பேசுங்கள் என்று செயற்குழு கேட்டது. பழைய கதைகளைச் சொல்ல இந்த மேடையில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆகவே, தங்கைமார் எங்களிடம் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியையே பொருளாக எடுத்துக்கொண்டோம். வெள்ளவத்தைச் சந்தையில் கேட்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் பொன்னம்பலவாணேசர் கோயில் வாசலிலும் புனித லூசியாள் பேராலய முற்றத்திலும் கேட்கிறார்கள். "அக்கா, இப்போது ஒரு வேலையில் இருக்கிறேன். வேறு மூன்று இடத்திலிருந்தும் கூப்பிட்டிருக்கிறார்கள். எதற்குப் போவது?" இதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது முதலில் எங்களுக்கு வருவது மகிழ்ச்சி. எங்கள் அம்மாமாருக்கு இந்தக் கேள்வியே இருக்கவில்லை. படித்த பெண் என்றால் ஆசிரியை, தாதி, கந்தோரில் லிகிதர் அல்லது தட்டெழுத்தாளர். கிடைத்த உத்தியோகத்தை ஓய்வூதியம் வரை பிடித்துக்கொண்டார்கள். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபின் அரச சேவையில் இருந்த தமிழர் சம்பள ஏற்றத்துக்கும் பதவி உயர்வுக்கும் சிங்களப் பரீட்சை எழுதவேண்டியதாயிற்று. 1983 ஜூலையில் வீட்டோடு சேர்த்து வேலையையும் இழந்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். இருக்கிற வேலையை விடாதே என்று அவர்கள் எங்களுக்குச் சொன்னதில் நியாயம் இருந்தது.

ஆனால் அந்தப் பயம் இன்னும் நமக்குள் இருக்கிறது. நாலு வருடமாகச் சம்பளம் ஏறாத இடத்திலும் சிலர் அசையாமல் இருப்பது அதனால்தான். வேறு சிலர், முதலில் வந்த கடிதத்திலேயே, "இதுவும் போய்விட்டால்" என்று அவசரமாகக் கையெழுத்து வைப்பதும் அதனால்தான். இரண்டுமே பயம் எடுக்கும் முடிவுகள். வேலையில் இருந்துகொண்டே வேறு வேலை பார்ப்பவளுக்கு ஒரு பலம் இருக்கிறது. அடுத்த மாத வாடகைக்கு அவள் யாரிடமும் போகவேண்டியதில்லை. யோசிக்க நேரம் கேட்கலாம். அந்தப் பலத்தை நேர்மையாகவும் நிதானமாகவும் பயன்படுத்தவேண்டும் என்பதே நாங்கள் இன்று சொல்ல வந்தது.

திருக்குறளில் 'தெரிந்து செயல்வகை' என்று ஓர் அதிகாரம் உண்டு. அதன் முதற் குறளின் கருத்து, இழப்பது எது, வருவது எது, வந்தது பின்னர் தரப்போவது எது என்ற மூன்றையும் பார்த்துச் செய் என்பது. அங்கே ஊதியம் என்ற சொல் இலாபம் என்ற பொருளில் வருகிறது. நாம் இன்று அதைச் சம்பளம் என்று சுருக்கிவிட்டோம். வள்ளுவர் சொன்ன அந்த மூன்று கேள்விகளையும் வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது, இழப்பது எது?

ஒரு தங்கை தனியார் நிறுவனமொன்றின் கணக்குப் பகுதியில் 4 வருடம் 8 மாதம் வேலைசெய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 120,000 ரூபா. ஒரு வங்கி 140,000 தருவதாகக் கூப்பிடுகிறது. இருபதாயிரம் கூட என்று மனம் துள்ளும். கொஞ்சம் பொறுக்கவேண்டும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலைசெய்யும் நிறுவனத்தில் 5 வருடம் பூர்த்திசெய்தவருக்கு, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்கவேண்டும். கடைசியாகப் பெற்ற சம்பளத்தை வைத்தே கணக்கு. இந்தத் தங்கைக்கு அது 60,000 பெருக்கல் 5, அதாவது 300,000 ரூபா. 4 வருடம் 8 மாதத்தில் விலகினால் சட்டப்படி அந்த உரிமை இல்லை. மாதம் இருபதாயிரம் கூடக் கிடைத்தாலும் இழந்த தொகையை மீட்க 15 மாதம் செல்லும்.

அப்படியானால் வங்கிக்குப் போகக்கூடாதா? போகலாம். அவளுடைய நியமனக் கடிதத்தில் முன்னறிவித்தல் காலம் 3 மாதம் என்று இருந்தால், இன்று கடிதம் கொடுத்தாலே 4 வருடம் 11 மாதம் வந்துவிடுகிறது. இன்னும் ஒரு மாதம்தான் குறை. புதிய இடத்தில் அந்த ஒரு மாதத்தைக் கேட்டுப் பார்க்கலாம். கேட்டால் வேலை பறிபோய்விடும் என்று நினைக்கிறோம். எங்களில் சிலர் இன்று நேர்முகப் பரீட்சை நடத்தும் பக்கத்தில் இருக்கிறோம், அங்கிருந்து சொல்கிறோம். காரணத்தோடு திகதி கேட்கும் பெண்ணை யாரும் குறைவாக எண்ணுவதில்லை. பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். மறுத்தாலும் நீங்கள் எதை விட்டுப் போகிறீர்கள் என்று தெரிந்துதான் போவீர்கள்.

இழப்பில் இன்னொன்று பாதுகாப்பு. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனத்தில் முந்திய 12 மாதத்தில் 180 நாட்களுக்குக் குறையாமல் வேலைசெய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறு காரணத்துக்காக, அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ இல்லாமல் நிறுத்த முடியாது. புதிய இடத்துக்குப் போகும்போது அந்த நாட்களை ஒன்றிலிருந்து எண்ணவேண்டும். தகுதிகாண் காலமும் திரும்பத் தொடங்கும். விடுமுறையும் அப்படித்தான். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் வருடத்துக்கு 14 நாள் வருடாந்த விடுமுறை உண்டு; ஆனால் சேர்ந்த அந்த வருடத்தில் அது உரிமையாக வராது. அடுத்த வருடத்திலும், ஒக்டோபரிலோ அதற்குப் பின்னரோ சேர்ந்தவருக்கு 4 நாள்தான். கலியாணத்துக்கு நாள் குறித்திருப்பவர்களும், வீட்டில் சத்திர சிகிச்சைக்குக் காத்திருக்கும் பெற்றோர் உள்ளவர்களும் இதைக் கட்டாயம் கேட்டுவைக்கவேண்டும்.

இரண்டாவது, வருவது எது?

வங்கியின் கடிதம் 140,000 என்கிறது. முழுவதும் அடிப்படைச் சம்பளம். ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கடிதம் 160,000 என்கிறது. அதில் அடிப்படை 90,000, மிச்சம் 70,000 கொடுப்பனவுகள். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் போடவேண்டும். நமது 8 வீதம் வேறு. வங்கியில் முதலாளியின் பங்கு மாதம் 21,000. மற்ற இடத்தில் அடிப்படைக்கு மட்டும் போட்டால் 13,500. இருபதாயிரமாகத் தெரிந்த வித்தியாசம் 12,500 ஆகிவிடுகிறது. நாளைய பணிக்கொடையையும் அடிப்படையை வைத்தே கணக்கிட்டால், வருடத்துக்கு 70,000 சேருமிடத்தில் 45,000தான் சேரும். வாழ்க்கைச் செலவுப் படி போன்ற சில கொடுப்பனவுகளையும் சேமலாப நிதிக் கணக்கில் சேர்க்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆகவே, "எந்தத் தொகைக்குச் சேமலாப நிதி கட்டுவீர்கள்?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

அடுத்தது நேரம். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு 100, 101 பஸ்கள் இருக்கின்றன, கடற்கரை ரயிலும் இருக்கிறது. அதே தங்கை மாலபேக்குப் போவதென்றால் பாதையில் நிற்கும் நேரம் வேறு. போகவர 3 மணித்தியாலம் என்றால் 22 வேலைநாளில் 66 மணித்தியாலம். அதுவும் வேலைதான், சம்பளமில்லாத வேலை. கொட்டாஞ்சேனையிலிருந்து பிள்ளையைப் பாடசாலையில் விட்டுவிட்டு ஓடும் தாய்க்கு இந்தக் கணக்கு இன்னும் நன்றாகத் தெரியும். மூன்றாவது கடிதம் அரசசார்பற்ற நிறுவனத்தின் ஒரு வருட ஒப்பந்தமாக இருக்கலாம். சம்பளம் மூன்றிலும் கூடியதாக இருக்கும். 13ஆவது மாதத்தில் என்ன என்பதைக் கேட்டுக்கொண்டே கையெழுத்திடுங்கள். பிரசவ விடுமுறை, 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், எத்தனையாவது குழந்தையானாலும் 84 நாள். அதைக் கேட்க வெட்கப்படவேண்டியதில்லை. வெளிநாட்டு வேலை என்றால், முகவருக்கு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பார்க்காமல் கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, வந்தது பின்னர் தரப்போவது எது?

இதற்குக் கணக்குப் பொறி உதவாது. தனிநாயகம் அடிகளை எல்லோருக்கும் தெரியும். பேராதனையில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர், 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1964இல் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாவதில் முன்னின்றார். 1966இல் முதலாவது மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அந்த இடமாற்றம் அவருக்கு மட்டுமல்லாமல் தமிழுக்கும் ஒரு வாசலைத் திறந்தது. நமக்கு அவ்வளவு பெரிய காரியம் வேண்டாம். ஆனால் அதே கேள்வியைக் கேட்கலாம்: இந்த நாற்காலியில் 5 வருடம் இருந்தால் எனக்கு என்ன புதிதாகத் தெரியவரும்? யாரிடமிருந்து கற்பேன்? என் மேலதிகாரி தனக்குக் கீழே இருந்த பெண்களை மேலே வரவிட்டவரா? அங்கே வேலைசெய்துவிட்டு விலகிய ஒருவரைத் தேடிக் கதையுங்கள். இந்தச் சங்கத்தில் அப்படி ஒருவர் அகப்படாத கொழும்பு நிறுவனம் குறைவு.

இனி நடத்தை பற்றிச் சில வார்த்தைகள். நியமனக் கடிதம் எழுத்தில் கைக்கு வருமுன் இருக்கிற வேலையை விடாதீர்கள். தொலைபேசியில் சொன்ன வாக்கு நியமனம் ஆகாது. நேர்முகப் பரீட்சைக்கு உங்கள் சொந்த விடுமுறையில் போங்கள். ஒரு இடம் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டு, நீங்கள் விரும்பும் இடம் இன்னும் பேசாமல் இருந்தால், விரும்பும் இடத்துக்கு அதை அப்படியே சொல்லலாம். "இன்னொரு இடத்துக்கு வெள்ளிக்கிழமை பதில் கொடுக்கவேண்டும். உங்கள் முடிவை அதற்கு முன் அறியலாமா?" என்பது மரியாதையான கேள்வி. இல்லாத கடிதத்தை இருப்பதாகச் சொல்லிச் சம்பளம் ஏற்றுவது வேறு, அதைச் செய்யாதீர்கள். ஒரு இடத்தில் கையெழுத்திட்டுவிட்டு இன்னொரு இடத்துக்குப் போகாதீர்கள். நமக்குப் பின்னால் அதே கதவைத் தட்டப்போகிறவள் நம் பாடசாலையின் இன்னொரு பிள்ளை.

விலகல் கடிதம் கொடுத்தவுடன் பழைய இடத்தில், "கூட்டித் தருகிறோம், இரு" என்பார்கள். ஏன் போக நினைத்தீர்கள் என்பதை அப்போது ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். சம்பளம் மட்டுமே காரணம் என்றால், கூட்டுவதை எழுத்தில் வாங்கிக்கொண்டு இருக்கலாம். மேலதிகாரியின் வாய்தான் காரணம் என்றால், பத்தாயிரம் ரூபாவால் அந்த வாய் மாறாது. எதுவானாலும் முன்னறிவித்தல் காலத்தை ஒழுங்காக முடித்து, வேலையை வடிவாகக் கையளித்துவிட்டு வாருங்கள்.

வீட்டுக்காரரின் சொல்லையும் விட்டுவிட முடியாது. அப்பா வங்கி என்பார், அண்ணா கனடா என்பார், மாமி வீட்டுக்குக் கிட்ட என்பார். எல்லோரும் அன்பில்தான் சொல்கிறார்கள். கேளுங்கள். ஆனால் காலையில் அந்தப் பஸ்ஸில் ஏறுபவள் நீங்கள். ஒரு தாளில் மூன்று பத்தி கீறி, இழப்பது, வருவது, பின்னர் தருவது என்று ஒவ்வொரு கடிதத்துக்கும் எழுதி, வீட்டில் மேசையில் வையுங்கள். எழுத்தில் இருக்கும் கணக்கோடு கதைப்பது, கோபத்தோடு கதைப்பதைவிடச் சுலபம். கணக்குப் பார்த்தபின், "இருக்கிற இடமே நல்லது" என்று முடிவு வந்தால் அதுவும் நல்ல முடிவுதான். அது பயத்தில் வந்த முடிவு அல்லவே.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இந்த மலரை வாசிக்கப்போகும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஊரில் இருந்து ஒரு தங்கை ஆலோசனை கேட்டால், "இங்கே வந்துவிடு" என்பதோடு நிறுத்தாதீர்கள். அவளுடைய கடிதத்தை வாங்கி ஒருமுறை வாசியுங்கள். உங்கள் துறையில் இந்த வேலைக்கு அடுத்த படி என்ன என்று சொல்லுங்கள். அரை மணித்தியாலம் போதும்.

தங்கைமாரே, கையெழுத்திடுமுன் கடிதத்தைக் கொண்டுவாருங்கள். எங்கள் வகுப்பில் கணக்காளர் இருக்கிறார்கள், சட்டத்தரணி இருக்கிறார்கள், வங்கியில் முப்பது வருடம் இருந்தவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்குத் தெரியாததை நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்தில் கேட்டு அறிவோம். அம்மாமார் எங்களைப் படிக்க அனுப்பினார்கள். இந்தப் பாடசாலை படிப்பித்தது. அதனால் வந்த கடிதங்களை ஒன்றாக இருந்து வாசிப்பது எங்களுக்கும் சந்தோஷம்.