திமிங்கிலத்தின் மேல் வந்த தலைவி

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"மெக்கானிக்கல்காரன் மைக்கைப் பிடிச்சுட்டான், இனி பம்பு, பாய்லர்னு தூங்க வச்சிடுவான்" என்று பின் வரிசையில் ஒரு முணுமுணுப்பு கேட்டது. பயப்படாதீர்கள். நான் பேச வந்திருப்பது நியூசிலாந்தின் மாவோரி மக்கள் சொல்லும் கதைகளைப் பற்றி. பாரம்பரியம், பெண், தலைமை ஆகிய மூன்றும் அந்தக் கதைகளில் எப்படி முட்டிக்கொள்கின்றன, எப்படி ஒன்றுசேர்கின்றன என்பதைப் பற்றி. ஆனாலும் நடுவில் ஒரு மோட்டார் கண்டிப்பாக வரும். அது என் பிறவிக் குணம்!

மாவோரி என்றால் நமக்குச் சம்பந்தமே இல்லாத தூரம் என்று நினைக்க வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வில்லியம் கொலென்சோ என்ற கிறிஸ்தவ ஊழியர், அங்கே மாவோரி மக்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேக வைப்பதைப் பார்த்தார். உற்றுப் பார்த்தால் அது உடைந்துபோன ஒரு மணி. மேலே ஏதோ எழுத்து. என்ன எழுத்து தெரியுமா? நம்ம தமிழ்! முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று பொறித்திருந்தது. இன்றும் அது வெலிங்டன் நகரின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆகவே கொஞ்சம் உறவுமுறையோடே கதைக்குள் போகலாம்.

நியூசிலாந்தின் கிழக்குக் கடற்கரையில், கிஸ்போர்ன் நகருக்கு வடக்கே, ஃபாங்கரா என்று ஒரு சிற்றூர். பைக்கேயா என்ற தங்கள் மூதாதை திமிங்கிலத்தின் முதுகில் ஏறிக் கடல் கடந்து வந்தான் என்பது அவ்வூர் மக்களின் மரபு. ஊர்ப் பொதுமண்டபத்தின் உச்சியில் திமிங்கிலமும் அதன் மேல் அமர்ந்த மனிதனும் சிற்பமாக இருக்கிறார்கள்.

இந்த மரபை வைத்து விட்டி இஹிமாயேரா என்ற மாவோரி எழுத்தாளர் 1987-ல் 'தி வேல் ரைடர்' என்ற நாவலை வெளியிட்டார். அவர் தூதரக அதிகாரியாக நியூயார்க்கில் இருந்த நேரம். "சினிமாவில் எப்பப் பார்த்தாலும் பையன்தான் ஹீரோவா?" என்று அவருடைய பெண் குழந்தைகள் கேட்டார்களாம். அதே சமயம் ஹட்சன் ஆற்றுக்குள் ஒரு திமிங்கிலம் வந்துவிட்டது. இரண்டும் சேர்ந்தன; கதை பிறந்தது. 2002-ல் நிக்கி கேரோ அதைத் திரைப்படமாக இயக்கினார். அதில் சிறுமியாக நடித்த கெய்ஷா காசில்-ஹியூஸ் 13 வயதிலேயே சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றார்.

படத்தின் கதை எளிமையானது. தலைவர் குடும்பத்தில் இரட்டைக் குழந்தைகள் பிறக்கின்றன. ஆண் குழந்தை இறந்துவிடுகிறது, தாயும் இறந்துவிடுகிறாள். பிழைத்தது பெண் குழந்தை பை. தாத்தா கோரோவுக்குப் பேத்தி மேல் கொள்ளைப் பாசம். ஆனால் தலைமை? அது மூத்த ஆணுக்குத்தானே! ஊர்ப் பையன்களைக் கூட்டிவைத்து மந்திரமும் போர்க்கலையும் சொல்லிக் கொடுக்கிறார். பேத்தி எட்டி நின்று பார்த்தே கற்றுக்கொள்கிறாள்.

இப்போது மோட்டாருக்கு வருகிறேன். கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்கிற படகு மோட்டார் ஒன்றோடு தாத்தா போராடிக்கொண்டிருக்கிறார். பேத்தி தங்கள் பூர்வீகத்தைப் பற்றிக் கேட்கிறாள். தாத்தா அந்தக் கயிற்றையே காட்டுகிறார்: பிரிபிரியாக முறுக்கியிருக்கிறதே, இப்படித்தான் நம் முன்னோர்கள் என்கிறார். சொல்லி முடித்து இழுத்தால், கயிறு பட்டென்று அறுந்துவிடுகிறது! அவர் வேறு கயிறு தேடிப் போகிறார். திரும்பி வருவதற்குள் சிறுமி அறுந்ததை முடிந்து, இழுத்து, மோட்டாரை ஓட்டிவிடுகிறாள். தாத்தா என்ன சொல்ல வேண்டும்? "சபாஷ்" என்றுதானே? இனிமேல் இதைத் தொடாதே, ஆபத்து என்று அதட்டுகிறார்.

நம்ம தேங்காய் நார்க் கயிற்றைப் பிரித்துப் பாருங்கள். எந்த நாரும் கயிற்றின் முழு நீளத்துக்கு ஓடுவதில்லை. ஒன்று முடியும் இடத்துக்கு முன்பே இன்னொன்று தொடங்கிவிடும். முறுக்குத்தான் எல்லாவற்றையும் பிடித்து வைக்கிறது. பாரம்பரியமும் அப்படித்தான். பாதி நாரை விலக்கிவிட்டு முறுக்கினால் கயிறு என்ன கதி ஆகும் என்று முதலாண்டு மாணவனும் சொல்வான்.

தாத்தாவை வில்லன் ஆக்கிவிடாதீர்கள். அவர் பயம் நியாயமானது. இளைஞர்கள் ஊரை விட்டுப் போகிறார்கள். சொந்த மகனே வெளிநாட்டில். கயிறு அறுகிறது என்று அவர் கண்டது சரி. எந்தப் பக்கம் தேடினார் என்பதுதான் கோளாறு.

அப்படியானால் பாரம்பரியம்தான் பெண்ணுக்கு எதிரியா? இல்லை என்கிறார்கள் மாவோரி மக்களே. மாவோரி அறிஞர் தானியா காஆய் 2005-ல் இந்தப் படத்தை விமரிசித்து ஒரு கட்டுரை எழுதினார். அந்த மக்களான ஙாத்தி போரோ இனத்தில் பெண் தலைவர்கள் பலர் இருந்திருக்க, படம் அதை மறைத்துவிடுகிறது என்பது அவர் வாதம். கட்டுரைத் தலைப்பிலேயே ஒரு பாட்டியின் பெயர் உண்டு: முரி-ரங்கா-ஃபெனுவா. மாவுயி என்ற மாவீரன் சூரியனை அடித்து அடக்கியதும், கடலிலிருந்து வடதீவைத் தூண்டில் போட்டு இழுத்ததும் அந்தப் பாட்டி கொடுத்த தாடை எலும்பால்தான். நெருப்பு? அதையும் மாஹுயிக்கா என்ற மூதாட்டியிடம்தான் வாங்கினான். வீரம் பேரனுடையது, ஆயுதம் பாட்டியுடையது!

இன்னொரு கதை கேளுங்கள். மாத்தாத்துவா என்ற பெருந்தோணி கரை சேர்ந்தது. ஆண்கள் இறங்கிப் போய்விட்டார்கள். அலை தோணியைக் கடலுக்குள் இழுக்கிறது. உள்ளே பெண்கள் மட்டும். பெண்கள் துடுப்பைத் தொடக் கூடாது என்பது விதி. தோணித் தலைவன் தோரோவாவின் மகள் வைராக்கா, நான் ஆணாக நடந்துகொள்வேன் என்று முழங்கித் துடுப்பை எடுத்தாள், தோணி தப்பியது. அவள் சொல்லிலிருந்து பிறந்ததுதான் ஃபாக்கத்தானே என்ற ஊர்ப் பெயர். அப்படிச் செய்தவள் தோரோவாவின் தங்கை முரிவாய் என்று வேறு இனத்தார் உரிமை கொண்டாடுவார்கள். விதி தோணிக்காக; தோணியே போகும்போது விதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதை அறிந்தவள் தலைவி.

கதையோடு நிற்கவில்லை. 1893-ல் மாவோரி நாடாளுமன்றத்தில் மெரி மங்காகாஹியா என்ற பெண்மணி எழுந்து, பெண்களுக்கு வாக்குரிமை மட்டும் போதாது, உறுப்பினராகும் உரிமையும் வேண்டும் என்று கேட்டார். ஆண் தலைவர்கள் விக்டோரியா ராணியிடம் முறையிட்டுப் பலன் இல்லை. பெண்கள் கேட்டால் ராணி செவிசாய்க்கலாமே என்பதும் அவர் வாதங்களில் ஒன்று! 1975-ல் ஃபினா கூப்பர் அம்மையார் தம் 79-ஆம் வயதில், பறிபோன நிலங்களுக்காக வடகோடியிலிருந்து வெலிங்டன் வரை சுமார் 1,000 கிலோமீட்டர் நடைப் பயணத்துக்குத் தலைமை தாங்கினார். 2024 செப்டம்பரில் மாவோரி மன்னர் தூஹெய்த்தியா மறைந்த பின், இரண்டு அண்ணன்கள் இருக்க, 27 வயதுக் கடைக்குட்டி மகள் ஙா வாய் ஹோனோ இ தே போவை அரசியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1966 முதல் 2006 வரை 40 ஆண்டுகள் அரசியாக இருந்தவர் அவருடைய பாட்டி.

எல்லாம் சுமுகம் என்று சொல்ல மாட்டேன். மராயே என்னும் பொதுவெளியில் விருந்தினரை அழைக்கும் முதல் குரல் பெண்ணுடையதுதான். ஆனால் அதன் பிறகு எழுந்து நின்று உரையாற்றுவது பெரும்பாலான இனங்களில் ஆண்கள்தான். ஙாத்தி போரோ போன்ற சிலரிடம் பெண்களும் பேசுவார்கள். விவாதம் அங்கே இன்றும் நடக்கிறது. அதை நடத்துவது அவர்களுடைய உரிமை.

நமக்கு என்ன என்று கேட்கிறீர்களா? டிபார்ட்மென்ட் அசோசியேஷனில் செக்ரட்டரி பையன், ஜாயின்ட் செக்ரட்டரி பொண்ணு என்று நம் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் எழுதி வைத்த விதி? யாரும் இல்லை. அது எந்தத் தோணியைக் காப்பாற்றியது? எனக்குத் தெரிந்து எதையும் இல்லை. தம்பிகளே, தங்கைகளே, உங்கள் பேட்சில் அந்த வழக்கம் இன்னும் இருந்தால், அடுத்த தேர்தலுக்கு முன் ஒரு தரம் யோசியுங்கள்.

படத்தில் பள்ளி விழாவில் அந்தச் சிறுமி பேசும்போது, அறிவை எல்லோருக்கும் கொடுத்தால் தலைவர்கள் நிறையப் பேர் கிடைப்பார்களே என்கிற பொருளில் சொல்கிறாள். தாத்தாவுக்குப் போட்ட நாற்காலி அப்போது காலியாக இருக்கிறது. மூத்தவர்களே, நமக்கென்று போட்டிருக்கும் நாற்காலியில் நாம் இருக்க வேண்டும்; இளையவர் பேசும்போது கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் வேண்டுகோள்.