ஊதுவத்தியில் ஊறுவது எது?



பூசையறையில் எரியும் ஊதுவத்தியின் மணத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். அந்த மணத்தைக் குச்சிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் திரவத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதன் பெயர் கரைப்பான். வீட்டிலேயே ஊதுவத்தி செய்து நாலு காசு பார்க்கலாம் என்று தொடங்கும் குடும்பங்கள் முதலில் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

ஜொகூரின் கிழக்குக் கரையில் இருக்கும் மெர்சிங்கை எடுத்துக்கொள்வோம். தியோமான் தீவுக்குப் படகேறும் ஊர் என்று பலரும் அறிவர். ஆண்டின் இறுதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கடல் கொந்தளிக்கும், படகுப் போக்குவரத்து வெகுவாகக் குறையும், வீடுகளில் சன்னல்கள் மூடியே கிடக்கும். ஊதுவத்தி அதிகம் விலைபோகும் தீபாவளி இந்த மழையை ஒட்டியும், தைப்பூசம் மழைக்கு நடுவிலும் வருகின்றன. ஆக, ஈரக்காற்றில் செய்து, மூடிய வீட்டில் கொளுத்தப்படும் பண்டம் இது. கரைப்பானைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மறக்கக் கூடாது.

முதலில், கரைப்பான் எதற்கு? கடையில் வாங்கும் வெற்றுக் குச்சி என்பது மூங்கில் ஈர்க்கின்மேல் கரித்தூளும் மரத்தூளும் ஜிகட் தூளும் பூசியது. அதற்கு மணம் கிடையாது. வாசனை எண்ணெயைக் கரைப்பானில் கலந்து, குச்சியை அதில் முக்கி, உலர்த்தி எடுக்கிறார்கள். பற்றவைத்த பிறகு கனலும் நுனிக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் பகுதி சூடேறுகிறது. அங்கிருந்துதான் வாசனை ஆவியாகி வெளியேறுகிறது. கரைப்பான் அந்த வாசனையைக் குச்சி முழுவதும் சமமாகப் பரப்பி, விற்பனைக்குப் போகும்வரை பிடித்துவைக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. 20 வெற்றுக் குச்சிகள் 24 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முக்கி எடுத்து வடிய விட்டபின் 30 கிராம். குடித்தது 6 கிராம். ஒரு பங்கு வாசனைக்கு மூன்று பங்கு கரைப்பான் என்று கலந்திருந்தால், அந்த 6 கிராமில் வாசனை ஒன்றரை கிராம். கரைப்பான் நாலரை கிராம். ஒவ்வொரு குச்சியிலும் வாசனையைப்போல் மும்மடங்கு கரைப்பான் ஊறியிருக்கிறது. சந்தன மணம் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், வீட்டிலுள்ள குழந்தையும் பாட்டியும் அதிகம் சுவாசிப்பது கரைப்பானைத்தான்.

சரி, சந்தையில் என்னென்ன கிடைக்கின்றன?

மிகப் பரவலானது டை எத்தில் தாலேட். சுருக்கமாக டி.இ.பி. என்பார்கள். விலை மலிவு, மணமில்லை, ஏறக்குறைய எல்லா வாசனைகளையும் கரைக்கும், ஈரத்தை இழுக்காது. தொழிலுக்கு இதைவிட வசதியானது இல்லை. ஆனால் இது தாலேட் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் ஆறு உறுப்பினர்களை ஐரோப்பிய ஒன்றியம் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி விளையாட்டுப் பொருள்களில் கட்டுப்படுத்தியது. டி.இ.பி. அந்தப் பட்டியலில் இல்லை. அதன் நச்சுத்தன்மை குறைவு என்பதே பொதுவான மதிப்பீடு. இருந்தாலும் ஊதுவத்திப் புகையில் அது எரியாமல் அப்படியே வெளிவருவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அன்றாடம் மூடிய அறையில் சுவாசிக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

அடுத்தது டை புரொபிலின் கிளைக்கால், அதாவது டி.பி.ஜி. வாசனைத் தொழிலில் நெடுங்காலமாகப் புழங்குவது. மணமில்லை, எளிதில் தீப்பற்றாது. இதன் குறை ஒன்றுதான்: தண்ணீரோடு உறவாடும், காற்றின் ஈரத்தை உறிஞ்சும். வறண்ட ஊரில் அது பெரிதாகத் தெரியாது. மெர்சிங்கில் மழைநாளில் திறந்து வைத்தால் குச்சி பிசுபிசுக்கும், பாதியில் அணையும். காற்றுப்புகாத உறையில் உடனே அடைக்க முடிந்தவர்கள் மட்டும் இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

மூன்றாவது ஐசோபுரொபைல் மிரிஸ்டேட். முகப்பூச்சுகளில் சேர்க்கப்படுவது. இதற்கு மூலமான மிரிஸ்டிக் அமிலம் தேங்காய் எண்ணெயிலும் செம்பனை விதை எண்ணெயிலும் உண்டு. தண்ணீரோடு சேராது என்பதால் ஈரக்காற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை. விலை சற்றுக் கூடுதல். அளவு மிஞ்சினால் புகையும் கூடும். மழைக்கால ஊருக்கு முதலில் சோதித்துப் பார்க்க வேண்டியது இதுவே.

இனி, வேண்டவே வேண்டாதவை. சாராயம், அதாவது எத்தனால், 78 பாகையிலும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் 82 பாகையிலும் கொதிப்பவை. உலரும்போது மெல்லிய மணங்களையும் கூட்டிக்கொண்டு போய்விடும். அதைவிடப் பெரிய ஆபத்து தீ. இவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுத்த அறையில் எரியும் குத்துவிளக்கை எட்டிவிடும். சாதாரண அறைவெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும்.

மலிவான 'ஸ்பிரிட்' என்று லேபிள் இல்லாமல் விற்கப்படுவதில் மெத்தனால் இருக்கக்கூடும். 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மது அருந்தி 30க்கும் மேற்பட்டோர் மாண்டது நாடறிந்த செய்தி. குடித்தால் மட்டுமல்ல, தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் அது உடலுக்குள் போகும்; கண்பார்வையைப் பறிக்கும். மண்ணெண்ணெய், தின்னர் பற்றிச் சொல்லவே தேவையில்லை. சமையல் எண்ணெய் இயற்கையானதாயிற்றே என்று நினைப்பவர்களும் உண்டு. அது நாள்பட்டால் சிக்குவாடை அடிக்கும், சூடேறினால் கண்ணெரியும் புகை தரும். தண்ணீரோ, ஜிகட் தூளின் பசையை இளக்கிக் குச்சியையே உதிர்த்துவிடும்.

வாங்கும்போது வணிகப் பெயரை நம்ப வேண்டாம், சி.ஏ.எஸ். எண்ணைக் கேளுங்கள். டி.இ.பி.க்கு 84-66-2. டி.பி.ஜி.க்கு 25265-71-8. ஐசோபுரொபைல் மிரிஸ்டேட்டுக்கு 110-27-0. மெத்தனாலுக்கு 67-56-1. வேலையிடத்தில் பயன்படும் அபாய இரசாயனங்களை விற்பவர்கள் லேபிளும் பாதுகாப்புத் தரவுத்தாளும் தர வேண்டும் என்று மலேசியாவில் 2013ஆம் ஆண்டு ஒழுங்குமுறையே இருக்கிறது. எண்ணும் தாளும் தராத கடையில் வாங்காதீர்கள். கிளைக்கால் கலன்களைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அளக்கும் கரண்டி, புட்டி எல்லாம் தனியாக இருக்கட்டும்.

வாங்கியதும் கலன் கலனாகக் கலக்கவும் வேண்டாம். ஒரே வாசனையை இரண்டு கரைப்பான்களில், சிறு புட்டிகளில் கலந்து, பத்துப் பத்துக் குச்சிகள் முக்குங்கள். பெயரும் தேதியும் எழுதி ஒரு வாரம் உலரட்டும். பிறகு கொளுத்தி நான்கைப் பாருங்கள். சுடரை ஊதி அணைத்தபின் கனல் நிற்கிறதா? கடைசிவரை எரிகிறதா? புகைக்குமேல் பிடித்த வெள்ளைத் தட்டில் கரி படிகிறதா? கண் எரிகிறதா? இந்த நான்கிலும் தேறியதை மட்டுமே விற்பனைக்கு எடுக்கலாம்.

கரைப்பானே இல்லாத வழியும் உண்டு. மட்டிப்பால், சாம்பிராணி, சந்தனத்தூள், வெட்டிவேர் ஆகியவற்றை ஜிகட் தூளோடு பிசைந்து உருட்டும் மசாலா முறை அது. மைசூர் ஊதுவத்திக்குப் பேர் வாங்கித் தந்ததும் அந்தக் கைப்பக்குவமே. உழைப்பு அதிகம், மணம் மென்மை, விலை கூடுதலாக வைக்கலாம். கிழக்குக் காற்றோடு கப்பலில் அகில் வந்திறங்கிய செய்தியைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்த அகில் இனம் இன்றும் தீபகற்பக் காடுகளில் உண்டு. ஆனால் 1995 முதல் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கும் மரம் அது. காட்டிலிருந்து வெட்டி வந்ததாகச் சொல்லும் அகில்தூளை வாங்காமல், தோட்டத்தில் வளர்த்ததைக் கேட்டு வாங்குவதே முறை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. எந்தக் கரைப்பானைப் போட்டாலும், போடாவிட்டாலும், புகை புகைதான். நுண்துகள் இல்லாத ஊதுவத்தி உலகில் இல்லை. ஆஸ்துமா உள்ள வீட்டில் ஒரு குச்சி போதும். மழை ஓய்ந்த நேரத்தில் ஒரு சன்னலைத் திறந்து வைத்துக் கொளுத்தலாம்.

வாங்குபவர் ஊதுவத்தியை முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார். உள்ளே ஊறியிருப்பது என்ன என்று அவருக்குத் தெரிய வழியில்லை. தெரிந்தவர் செய்தவர் ஒருவரே. பெட்டியின்மேல் வாசனையின் பெயரோடு கரைப்பானின் பெயரையும் அச்சிடத் துணிந்தவரின் ஊதுவத்தி, அடுத்த பண்டிகைக்கும் அதே வீட்டில் மணக்கும்.