எதை ஜப்தி செய்யக் கூடாது?



வரி பாக்கின்னு நோட்டீஸ் வந்தா வீட்டையே வாரிட்டுப் போயிடுவாங்கன்னு பயப்படறோம். அப்படி இல்லீங்க. 1908ஆம் வருட உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60ஆம் பிரிவுப்படி, அவசியமான துணிமணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி கழட்டக் கூடாத தாலி, கைத்தொழில் கருவி, விவசாயி பிழைப்புக்கு வேண்டிய ஏர், மாடு, விதைநெல் இதெல்லாம் ஜப்தியில் சேராது. 1961ஆம் வருட வருமான வரிச் சட்டத்திலும் இதே விலக்கு இருந்தது. பொழுது சாய்ஞ்ச பிறகு பொருளை எடுக்கக் கூடாதுன்னும் அதுல இருந்தது.

ஆனா மத்த நகை, வண்டி, டிவிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால நோட்டீசைப் பீரோவுல ஒளிச்சு வைக்காதீங்க. குழுக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க, சேர்ந்து படிப்போம். பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட கோர்ட்டுல கேட்போம்.